ஒரே ஏரியில் 20,000 துளைகள்! பனியைக் குடைவது எப்படித் தெரியுமா?

ஜனவரிக் கடைசி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பிரெய்னர்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கல் லேக் என்ற ஏரி கரையோடு கரை இறுகி உறைந்து கிடக்கும். அதன்மேல் பத்தாயிரம் பேர் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தூண்டில் விடுவார்கள்! ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு துளை. போட்டிக்காக மொத்தம் எத்தனை துளைகள் தெரியுமா? 20,000க்கும் மேல்! அத்தனையையும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுகிறார்கள்.

கடப்பாரையால் குத்தியா என்று கேட்காதீர்கள். அது தாத்தா காலம். இப்போது இருப்பது ஆகர். இடுப்பு உயரத்துக்கு ஒரு திருகு, அடிமுனையில் பிளேடுகள், தலையில் அதைச் சுழற்ற ஒரு எந்திரம். அந்த எந்திரம் பெட்ரோலில் ஓட வேண்டுமா, பேட்டரியில் ஓட வேண்டுமா, இல்லை வீட்டுச் சுவரில் ஓட்டை போடுகிற கார்ட்லெஸ் டிரில்லே போதுமா? உறைந்த ஏரிகளின்மேல் ஓயாமல் நடக்கும் சண்டை இதுதான். இந்தச் சண்டைக்குள் இறங்கினால் வியப்புக்கு மேல் வியப்பு!

முதலில் ஒரு கணக்கு. இரண்டடி கனமான பனியில் எட்டு அங்குல விட்டத்துக்கு ஒரே ஒரு துளை போடுகிறீர்கள். வெளியே வந்து குவியும் பனி எவ்வளவு எடை இருக்கும்? சுமார் 18 கிலோ! அதே பனியில் ஆறு அங்குலத் துளை என்றால் 10 கிலோ. பத்து அங்குலம் என்றால் 28 கிலோ! ஆறுக்கும் பத்துக்கும் நாலே அங்குலம்தான் வித்தியாசம். வேலையோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எந்திரம் வாங்கக் கடைக்குள் நுழைகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெர்ச் மாதிரிச் சின்ன மீனுக்கு ஆறு அங்குலம் தாராளம். வால்ஐ என்ற மீனுக்கு எட்டு. பெரிய பைக் மீன், லேக் ட்ரவுட் மீன் என்று ஆசைப்பட்டால்தான் பத்து.

இந்த மூன்று அளவுக்கும் அடங்காத மீனும் உண்டு! விஸ்கான்சின் மாநிலத்து வினபேகோ ஏரியில் பிப்ரவரியில் ஈட்டியால் குத்திப் பிடிக்கும் ஸ்டர்ஜன். 2010ல் அங்கே ஒருவர் பிடித்தது 96 கிலோ! அந்த மீனுக்கு ஆகர் எந்த மூலைக்கு? செயின்சா வைத்து, கதவைப் பெயர்த்தெடுத்தாற்போல் பனியையே அறுத்தெடுக்கிறார்கள்.

சரி, அந்த 18 கிலோவை இவ்வளவு பாடுபட்டுச் செதுக்குவானேன், உருக்கிவிட்டால் என்ன என்று தோன்றுகிறதா? ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 18 கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் நம் வீட்டு மீட்டரில் 1.7 யூனிட் ஓடிவிடும். கார்ட்லெஸ் டிரில்லில் மாட்டும் 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமாக இருப்பதே 0.09 யூனிட்தான். ஆக, ஒரு துளையை உருக்கிப் போட பதினெட்டுப் பேட்டரிகளுக்கு மேல் காலி! அதே பேட்டரி ஒன்றே ஒன்றை வைத்துப் பல துளைகளைச் செதுக்கிப் போட்டுவிடலாம் என்பதுதான் பிளேடு செய்யும் மாயம். பனி நொறுங்கும் குணம் உள்ளது. அதை உருக்கத் தேவையில்லை, சீவினால் போதும். சீவியதைத் திருகு மேலே தள்ளிவிடும்.

ஆனால் தென் துருவத்தில் உருக்கியேதான் துளை போட்டார்கள், தெரியுமா? நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடிக்க அமைத்த ஐஸ்கியூப் ஆய்வகத்துக்காக, பீய்ச்சி அடிக்கும் வெந்நீரால் 86 துளைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் ஆழம்! அது அரசாங்கப் பணம். நம் கதை ஒரு மீட்டருக்குள்தான்.

இப்போது பெட்ரோலைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடைந்து கிடக்கிறது. மேலே சொன்ன பேட்டரியில் நூறு! எஞ்சின் அதில் பெரும்பங்கை வெப்பமாகவும் புகையாகவும் வீணடிக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் தேறும் என்று வைத்துக்கொண்டாலும் இருபது பேட்டரிகள்! கரையிலிருந்து பல மைல் தள்ளி, மீட்டர் கனப் பனியில், நாள் முழுக்கத் துளை போட்டுக்கொண்டே போகிறவர் பெட்ரோல் ஆகரைக் கைவிட மாட்டேன் என்று அடம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

அந்த எஞ்சின் எவ்வளவு பெரியது தெரியுமா? பெரும்பாலும் 33 முதல் 52 சிசி. நம் ஊர் டிவிஎஸ் 50 மொபெட்டின் எஞ்சினைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறைந்த ஏரிமேல் நிற்பதாக நினைத்துப் பாருங்கள்! டூ-ஸ்ட்ரோக் என்றால் அதே ஆயில் கலந்த பெட்ரோல், அதே நீலப் புகை, அதே வாசனை. ஆயிரக்கணக்கில் சுற்றும் எஞ்சினைக் கியர்ப்பெட்டி ஏறக்குறைய முப்பதில் ஒன்றாகக் குறைத்துத் திருகுக்கு அனுப்புகிறது. வேகம் போய் அது முறுக்கு விசையாக மாறுகிறது.

கஷ்டம் எங்கே என்றால், கிளப்புவதில். மைனஸ் 25 டிகிரி. பெட்ரோல்காரர் சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றை இழுக்கிறார். ஒரு இருமல். மறுபடி இழுக்கிறார். அதுவும் இல்லை. போன மார்ச்சில் டேங்கில் அப்படியே விட்டுவைத்த பெட்ரோல் கார்பரேட்டருக்குள் பிசினாய்ப் படிந்திருந்தால், இனி எத்தனை முறை இழுத்தாலும் தோள்பட்டைதான் போகும். பக்கத்தில் பேட்டரிக்காரர் அதற்குள் மூன்று துளைகள் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்! கிளம்பிவிட்டாலும் 12 முதல் 16 கிலோ எடையைத் தூக்கித் தூக்கி நகர்த்த வேண்டும். ஏரிமேல் போடும் கூடாரத்துக்குள் வைத்து ஓட்டவே கூடாது. கண்ணுக்கும் தெரியாமல், மூக்குக்கும் தெரியாமல் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். இதில் விளையாட்டே கிடையாது.

பெட்ரோலின் பிசின் தொல்லை வேண்டாம் என்று புரொபேன் காஸில் ஓடும் ஆகர்களும் வந்தன. விஸ்கான்சினின் ஜிஃப்பி நிறுவனம் இதில் பேர்போனது. கேம்ப் அடுப்பில் மாட்டுகிற குட்டி சிலிண்டரைத் திருகிவிட்டால் போதும். புரொபேன் மைனஸ் 42 டிகிரியில்தான் கொதித்து வாயுவாகிறது, தெரியுமா? குளிர் அந்தக் கோட்டை நெருங்க நெருங்க சிலிண்டருக்குள் அழுத்தம் சரிந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட குளிரில் மீன் பிடிக்கப் போகிறவரின் துணிச்சலைத்தான் முதலில் மெச்ச வேண்டும்.

ஏரிப்பனியை வெட்டுகிற இந்த வேலைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது! மெரினாவைப் பார்த்து நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842ல் எதற்காகக் கட்டப்பட்டது? பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைப் பத்திரப்படுத்த! ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அதைக் கப்பலில் அனுப்பினார். முதன்முதலில் 1833ல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றி அனுப்பியபோது, நான்கு மாதக் கடல் பயணம் முடிந்தும் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. வெட்டியது என்ன கருவி தெரியுமா? நத்தானியல் வயத் என்பவர் உருவாக்கிய, குதிரை இழுக்கும் பனி வெட்டி. அன்று ஏரிமேல் ஓடியது நிஜமான குதிரைச் சக்தி! அதே கட்டடத்தில்தான் 1897ல் விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

பேட்டரி ஆகருக்கு வருவோம். 40 வோல்ட் லித்தியம் பேட்டரியோடு, இந்த வேலைக்கென்றே செய்த எந்திரம். 9 முதல் 11 கிலோ. பட்டனை அழுத்தினால் சுற்றும், விட்டால் நிற்கும், கூடாரத்துக்குள்ளும் ஓட்டலாம். ரிவர்ஸ் வசதி உள்ள ஆகர்களில் இன்னொரு சௌகரியம்: துளையில் தேங்கி நிற்கும் பனிக்கூழைத் திருகு பின்னோக்கிச் சுற்றிக் கீழே தண்ணீருக்குள்ளேயே தள்ளிவிடும். குனிந்து கரண்டியால் அள்ளும் வேலை மிச்சம்!

லித்தியம் அயான் பேட்டரியை உருவாக்கியதற்காக 2019ல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் அந்த நோபல் பேட்டரிக்கும் ஒரு பலவீனம்! உறைநிலைக்குக் கீழே அதைப் பயன்படுத்தலாம், கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடக் கூடாது. போட்டால் லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் மின்முனையின் மேலேயே உலோகமாகப் படியும். பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். அதனால்தான் அனுபவசாலிகள் பேட்டரியைக் கோட்டுக்குள், உடம்புச் சூட்டோடு வைத்துக்கொண்டு ஏரியில் இறங்குகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அது அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் சார்ஜர்.

அடுத்தது டிரில். என் ஓட்டு இதற்குத்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கார் ஷெட்டில் ஏற்கெனவே கிடக்கும் டிரில்லின் வாயான சக்கில் ஆகரை மாட்டி இறுக்கினால் முடிந்தது! நைலான் திருகு வைத்த ஆகரோடு சேர்த்தாலும் பேட்டரி ஆகரைவிட எடை மிகக் குறைவு. எந்த டிரில்லும் ஆகுமா? ஆகாது. பிரஷ்லெஸ் மோட்டார் வேண்டும், குறைந்தது 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும், பக்கவாட்டுக் கைப்பிடி கட்டாயம் வேண்டும். ஹேமர் நிலையை அணைத்துவிட்டு, முதல் கியரில் ஓட்ட வேண்டும். இரண்டாவது கியரில் வேகமாகப் போகும் என்று ஆசைப்பட்டால் மோட்டார் கருகும்.

கைப்பிடியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? பனியின் அடித்தட்டை உடைக்கும் அந்த நொடியில் பிளேடு சட்டென்று கவ்விக்கொள்ளும். கீழே திருகு நின்றுவிட்டால் மேலே டிரில் சுற்றும், கூடவே உங்கள் மணிக்கட்டும்! இதற்காகவே டிரில்லை ஒரு தகட்டில் பொருத்தி, இரண்டு கையாலும் பிடிக்கிற அமைப்பை கிளாம் என்ற நிறுவனம் விற்கிறது.

இன்னொரு ஆபத்து, கேட்டால் சிரிப்பு வரும், நேர்ந்தால் அழுகை வரும். அதிர்வில் சக்கு தளர்ந்தால் ஆகர் மட்டும் கழன்று, தானே போட்ட துளை வழியாக ஏரியின் அடிக்குப் போய்ச் சேரும்! அதற்குத்தான் ஆகரின் கழுத்தில் துளையைவிடப் பெரிய வட்டத்தட்டு ஒன்றை மாட்டுகிறார்கள். மிதக்கும்படியே செய்த ஆகர்களும் உண்டு. ரஷ்யாவில் கையால் சுழற்றும் ஆகர்களை இடம்புரி, வலம்புரி என்று இரு வகையாகவும் விற்கிறார்கள். டிரில்லில் மாட்டுகிறவர்கள் வலம்புரியைத் தேடி வாங்குகிறார்கள், இடம்புரிக்கு டிரில்லை ரிவர்ஸில் ஓட்ட வேண்டும், சக்கு தளர அது ஒன்று போதும்.

எந்திரத்தைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் பிளேடை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் பெரிய வேடிக்கை! மழுங்கிய பிளேடோடு 52 சிசி எஞ்சினும் பனிமேல் வழுக்கும். கூர் பிளேடோடு கையால் சுற்றும் ஸ்வீடன் நாட்டு மோரா ஆகரும் சரசரவென்று இறங்கும். தட்டையான சீவும் பிளேடு சுத்தமான பனியில் பறக்கும். நேற்றுப் போட்டு இன்று மீண்டும் உறைந்த பழைய துளையில் முரண்டு பிடிக்கும். பல் வைத்த பிளேடு மெதுவாகப் போனாலும் பழைய துளையை அலட்டாமல் திறக்கும். ஆழம் குறைந்த இடத்தில் துளை போட்டு, ஒரே ஒரு முறை அடிமணலைத் தொட்டால் போதும், கூர் போச்சு. ஒட்டிய பனியை உதற ஆகரைத் தரையில் தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். பிளேடின் கோணம் இம்மியளவு கோணினாலும் அது வெட்டாது.

துளை விழும்போது கவனித்துப் பாருங்கள். முதலில் உலர்ந்த வெள்ளைத் தூள் ஓரத்தில் குவியும். பிறகு ஒரு குலுக்கல். ஈரக்கூழ் பொங்கி மேலே வரும். தண்ணீர் துளைக்குள் ஏறி, பனியின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். எவ்வளவு கீழே? இரண்டடிப் பனியில் சரியாக இரண்டு அங்குலம்! பனியின் அடர்த்தி தண்ணீரில் 92 சதவீதம், மிதக்கும் பனி நூற்றில் எட்டுப் பங்கை மட்டும் வெளியே நீட்டுகிறது. மேலே கனத்த பனிப்பொழிவு படிந்திருந்தால் அந்த எடையில் பனித்தட்டு அமுங்கி, துளை வழியாகத் தண்ணீர் கொப்பளித்துக் காலணியை நனைக்கும். அடியில் மீன்கள் உறைந்துபோகாமல் நீந்துவது எப்படி? தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாகிறது. அந்த 4 டிகிரித் தண்ணீர் ஆழத்தில் தங்கிவிடும். உறைவது எப்போதும் மேலே!

அப்படியானால் எதை வாங்குவது? நல்ல டிரில் கையில் இருந்து, ஒன்றரை இரண்டடிப் பனி, ஆறு அல்லது எட்டு அங்குலம் என்றால் டிரில் ஆகர். பெரிய துளை, கனத்த பனி, கூடாரத்துக்குள் வாசம் என்றால் பேட்டரி ஆகர். வட கனடாப் பக்கம் மீட்டர் கனப் பனி, பல நாள் முகாம், சார்ஜ் போட வழியே இல்லை என்றால் மட்டும் பெட்ரோல். மூன்றில் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் காலடியில் குறைந்தது நாலு அங்குலத் தெளிந்த பனி இருந்தால்தான் ஆள் நடக்கலாம்; வெள்ளைப் பனி என்றால் அதைப்போல் இரு மடங்கு.

டொரொண்டோவில் அண்ணனோ சித்தியோ இருந்து, குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறவர்கள் இந்த மூன்றையும் வாங்க வேண்டாம். வடக்கே ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் சிம்கோ ஏரி. அங்கே கணப்பு வைத்த மரக்குடிசையை வாடகைக்கு விடுகிறவர்கள், துளையையும் அவர்களே போட்டுத் தந்துவிடுகிறார்கள்!