இலஞ்சி வயலில் ஐந்நூறு வாத்துகள்

பிசான நெல் அறுப்பு முடிந்த ஒரு மாசி மாதக் காலை. தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம் போய்க்கொண்டிருந்தேன். மொத்தமே 5 கிலோமீட்டர் தூரம். அதற்குள் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. சாலையோர வயலில் கணுக்கால் அளவுத் தண்ணீர். அதில் ஐந்நூறு வாத்துகளாவது இருக்கும், எல்லாம் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு முன்பே ஒரு கேரளக் கார் நின்றிருந்தது. அதில் வந்த பிள்ளைகள் வரப்பில் இறங்கி, அருவியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதுவும் ஒரு பண்ணைதான். கொட்டகை கிடையாது, கதவு கிடையாது, மேய்ச்சல் நன்றாக இருக்கும்வரை தீவனச் செலவும் பெரிதாகக் கிடையாது. அறுப்பு எங்கே முடிகிறதோ அங்கே வந்து இறங்கும். சிந்திய நெல்லும் நத்தையும் புழுவும் தீர்ந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடும். நீளக் கம்போடு இரண்டு பேர் போதும். இரவில் மேட்டில் வலை கட்டி அடைத்துவிடுகிறார்கள். வாத்து பெரும்பாலும் விடியற்காலைக்குள் முட்டையிட்டு முடித்துவிடும். அதனால் முட்டை பொறுக்கிய பிறகுதான் வலையைத் திறப்பார்கள். வயல் முழுக்கத் தேடி அலைய வேண்டியதில்லை.

மேய்வதைக் கிட்டே போய்ப் பார்த்தேன். கலங்கின சேற்றில் கண்ணால் பயனில்லை. வேலை முழுக்க அலகுக்குத்தான். பார்க்க நகம் போலக் கெட்டியாகத் தெரியும் அந்த அலகின் மேல் தோல் போர்த்தியிருக்கிறது. அதற்குள் தொடுவுணர்வு நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. இருட்டில் நம் விரல் நுனி சாவித்துவாரத்தைக் கண்டுபிடிப்பது போல, அது சேற்றுக்குள் நெல்மணியைக் கண்டுபிடிக்கிறது. அலகின் இரு ஓரங்களிலும் சீப்புப் பல் போல வரிசையாக மெல்லிய தகடுகள் உண்டு. இவற்றை ‘வடிதகடுகள்’ என்று சொல்லலாம். நாக்கு பம்பு போல முன்னும் பின்னும் அசைய, சேற்று நீர் அலகு நுனி வழியாக உள்ளே போய்ப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. தின்னக்கூடியது தகட்டில் தங்கிவிடுகிறது. டீக்கடையில் வடிகட்டியில் தங்குவதைக் கொட்டிவிட்டுச் சாற்றைக் குடிக்கிறோம். வாத்துக்குத் தங்குவதுதான் சாப்பாடு.

வரப்பில் ஒரு இறகு கிடந்தது. எடுத்து அதன் மேல் ஒரு சொட்டு நீர் விட்டேன். முத்தாக உருண்டு விழுந்தது, இறகு நனையவில்லை. வால் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிதான் காரணம் என்று நாம் படித்திருக்கிறோம். அது பாதிக் கதை. இறகின் இழைகளிலிருந்து பொடியிழைகள் பிரிகின்றன. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு காற்றைச் சிறைப்பிடித்து வைக்கும் அந்த நெசவுதான் தண்ணீரை உள்ளே விடாத சுவர். எண்ணெய் அந்த நெசவு கெடாமல் காக்கிறது. வாத்து ஓயாமல் அலகால் உடம்பைக் கோதுவது, அவிழ்ந்த கொக்கிகளைத் திரும்ப மாட்டத்தான்.

இரைச்சலையும் கவனியுங்கள். காது அடைக்கும் அளவுக்குக் கத்துவதெல்லாம் பெட்டை. ஆணுக்குத் தொண்டை கட்டியது போன்ற குரல்தான். அதன் குரற்பெட்டியில் ஒரு எலும்புக் குமிழ் இருக்கிறது. அதனால் குரல் கம்மிவிடுகிறது. ஆணை அடையாளம் காண இன்னொரு வழி, வாலில் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும் இரண்டொரு இறகு.

எனக்குப் பெரிய வியப்பு அவற்றின் தூக்கம். வலைக்குள் அடைந்த பிறகும் நரிக்கும் நாய்க்கும் பயம் உண்டு. வாத்து இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கும். விழித்திருக்கும் பாதிக்குரிய கண் திறந்தே இருக்கும். 1999இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலு நாலு வாத்துகளாக வரிசையில் தூங்க வைத்துப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவற்றைப்போல் இரண்டரை மடங்கு அரைத்தூக்கத்தை ஓரத்தில் இருந்தவை தூங்கின. அதுவும், திறந்திருந்த கண் பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளிப்புறம் பார்த்தது. ராக்காவலுக்கு ஆள் வைத்து, உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

வாய்க்காலில் ஒரு வாத்து நீந்த, பின்னால் குஞ்சுகள் வரிசையாகப் போகும் காட்சியை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம்! ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் கப்பல் அலைகளை ஆராய்பவர்கள் 2021இல் இதற்குக் கணக்குப் போட்டார்கள். தாயின் பின்னே சரியான இடத்தில் நீந்தும் குஞ்சை, தாய் எழுப்பிய அலையே முன்னால் தள்ளிவிடுகிறது. மூன்றாவது குஞ்சு முதல் ஒவ்வொன்றும் அலையை வாங்கி அடுத்ததற்குக் கைமாற்றிவிடுகிறது. கடைசிக் குஞ்சு வரை யாருக்கும் பாரமில்லை. சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு, 2022இல் இயற்பியலுக்காக இதற்குக் கிடைத்தது.

தாய் வாத்து என்றேன். ஆனால் நாட்டு வாத்துகளில் பல அடைகாப்பதையே மறந்துவிட்டன. அதனால் கோழியை அடைக்கு வைப்பது ஊர் வழக்கம். கோழிமுட்டைக்கு 21 நாள், வாத்துமுட்டைக்கு 28 நாள். பாவம், கோழி இன்னும் ஒரு வாரம் சேர்த்து உட்கார வேண்டும். பொரிந்த குஞ்சு, முதலில் கண்ணில் படும் நடமாடும் உருவத்தையே தாயாக மனதில் பதித்துக்கொள்கிறது. இந்தப் ‘பதிவுக் கற்ற’லை வாத்தினங்களில் விரிவாக ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸுக்கு 1973இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் ஊரில் கோழியைத் தாயென்று நம்பிய குஞ்சுகள் குட்டையைக் கண்டதும் தண்ணீரில் இறங்கிவிடும். கரையில் நின்று கோழி பதறும்.

வயலுக்கும் லாபம்தான். தின்றதை எருவாக வயலிலேயே விட்டுப் போகின்றன. ஜப்பானில் நிற்கும் பயிருக்குள்ளேயே குஞ்சுகளை விட்டுக் களையையும் பூச்சியையும் தீர்க்கிறார்கள். கதிர் வந்ததும் வெளியே எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் நெல் மிஞ்சாது. நம் ஊரில் அறுத்த பிறகு விடுவதால் அந்தக் கவலையே இல்லை.

படம் எடுக்க இன்னும் இரண்டடி முன்னால் வைத்தேன். கம்போடு நின்றவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. மிரண்டுச்சுன்னா நாளைக்கு முட்டை குறைஞ்சிரும்.” அதே நேரம் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. ஐந்நூறும் ஒரே அலையாகத் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடின.

குற்றாலத்துக்குக் கூட்டம் வருவது சாரலுக்கு; வாத்துகள் வருவது அறுப்புக்கு. அறுப்பு முடிந்த காலத்தில் இந்தப் பக்கம் வந்தால் நின்று பாருங்கள். ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள்.