சுவர் அலமாரியும் சுவரின் பிடிமானமும்

தரையில் நிற்கும் அலமாரி தன் எடையை நேராகத் தரையில் இறக்கிவிடுகிறது. சுவரில் மாட்டப்படும் அலமாரியின் எடை முழுவதையும் சில திருகாணிகளே ஏற்க வேண்டியிருக்கிறது. அந்த எடை இரண்டு வகையில் செயல்படுகிறது. திருகாணியைக் கீழ்நோக்கி அழுத்தி, சுவரின் முகப்பை ஒட்டி அதை வெட்ட முயல்வது வெட்டுவிசை; அலமாரி முன்பக்கம் சாய முற்படும்போது மேல்வரிசைத் திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்க முயல்வது இழுவிசை. எஃகுத் திருகாணி வெட்டுவிசையால் முறிவது அரிது என்பதால், அலமாரி விழும் நிகழ்வுகளில் பெரும்பாலும் காரணமாவது இழுவிசையே.

இழுவிசையின் அளவைத் தீர்மானிப்பதில் எடைக்கு நிகரான பங்கு அலமாரியின் வடிவத்துக்கும் உண்டு. பாத்திரங்களோடு 60 கிலோ எடையுள்ள, 30 செ.மீ. ஆழம் கொண்ட ஓர் அலமாரியின் எடைமையம் சுவரிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. தள்ளி அமையும். அதன் கீழ்விளிம்பு சுவரில் ஊன்றி நிற்க, மேல் திருகாணிகள் அவ்விளிம்பிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், அவற்றின்மீது மொத்தம் 15 கிலோ இழுப்பு விழும். அதே எடையைத் தாங்கும் குட்டையான அலமாரியில் அவ்வுயரம் 20 செ.மீ. மட்டுமே என்றால் இழுப்பு 45 கிலோவாகிவிடும். எனவே திருகாணிகளை இயன்ற அளவு மேலே அமைப்பதும், கனமான பொருள்களைச் சுவரை ஒட்டி அடுக்குவதும் பாதுகாப்பின் முதற்படிகளாகின்றன.

செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ திருகாணி தானாகப் பற்றாது. துளைக்குள் விரிந்து இறுக்கும் ஓர் உறை வேண்டும். முற்காலத்தில் சுவரைக் கொத்தி மரக்கட்டை பதித்து அதில் ஆணி அடித்தார்கள். மரம் உலர்ந்து சுருங்கும்போது பிடி தளர்ந்துவிடும். 1910-களின் தொடக்கத்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்னும் ஆங்கிலேயர் நாரால் ஆன செருகியை உருவாக்கினார். ‘ராவல் பிளக்’ என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததே. 1958-இல் ஜெர்மானியரான ஆர்தர் ஃபிஷர் வடிவமைத்த நைலான் பிளக்கின் வழித்தோன்றல்களே இன்று கடைகளில் கிடைப்பவை.

எந்தப் பிளக் பொருந்தும் என்பதைப் பூச்சுக்கு அடியில் உள்ள பொருளே முடிவு செய்கிறது; அதனை டிரில்லிலிருந்து கொட்டும் தூளைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். முதலில் வரும் சாம்பல்நிறத் தூள் சிமெண்ட் பூச்சினுடையது. அதன்பின் சிவந்த தூள் வந்தால் அது செங்கல். உட்புறப் பூச்சு மட்டுமே ஒரு செ.மீ.க்கு மேல் தடிமனாக இருப்பதாலும், பூச்சுக்குத் தாங்குதிறன் இல்லாததாலும், பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் இறங்குமாறு துளை ஆழமாக இருக்க வேண்டும். இரு கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் துளையிடுவதைத் தவிர்த்து, தூளை ஊதி வெளியேற்றிய பின்பே பிளக்கைச் செருக வேண்டும். டிரில் முனை மெதுவாகவே முன்னேறி, சாம்பல்நிறத் தூளே தொடர்ந்து வந்தால் அது கான்கிரீட்டாக இருக்கலாம். உலோக ஆங்கர் போல்ட்டுக்கு ஏற்ற இடம் அதுவே. அதே போல்ட்டைச் செங்கல்லின் ஓரத்தில் இறுக்கினால் அதன் விரிவிசை கல்லையே பிளந்துவிடக்கூடும்.

நுண்குமிழ்கள் நிறைந்த ஏஏசி பிளாக்கில் டிரில் எளிதாக இறங்கும், மென்மையான வெளிர்தூள் கொட்டும். இதில் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டுத் துளையிட்டு, இதற்கென்றே செய்யப்பட்ட, அகன்ற மரைகள் கொண்ட நீண்ட பிளக்கைப் பயன்படுத்துவது முறை. டிரில் முனை திடீரென வெற்றிடத்துக்குள் பாய்ந்தால் அது ஹாலோ பிளாக் சுவர். அங்கே சாதாரணப் பிளக் பிளாக்கின் மெல்லிய ஓட்டுப் பகுதியை மட்டுமே பற்றும். வலை உறையைத் துளைக்குள் செருகி, அதில் பிசினை நிரப்பி இறுக வைக்கும் வேதி ஆங்கரே கனமான அலமாரிக்கு ஏற்றது. ஜிப்சம் பலகைத் தடுப்பில் பலகையை நம்பாமல், அதன் பின்னால் நிற்கும் உலோகச் சட்டங்களில் வலுவூட்டல் அமைத்து, அதில் திருக வேண்டும்.

எந்தச் சுவரானாலும், சுவிட்ச் பெட்டிகளுக்கும் குழாய்களுக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடக் கூடாது. மறைந்த மின்கம்பிகளும் குழாய்களும் பெரும்பாலும் அத்திசைகளிலேயே செல்கின்றன. ரசமட்டம் வைத்துக் கோடு கிழித்து, முதலில் ஒரு நீளச் சட்டத்தைச் சுவரில் பொருத்தி, அலமாரியை அதில் மாட்டுவதால் சுமை பல திருகாணிகளுக்குப் பகிரப்படுகிறது. நாலரை அங்குலச் சுவர், உதிரும் சுண்ணாம்புப் பூச்சு, மண்சுவர் ஆகியவற்றில் சட்டமும் நம்பத்தக்கதன்று. அங்கே அலமாரிக்குக் கால்கள் வைத்து எடையைத் தரைக்கு இறக்கி, முன்சாய்வைத் தடுக்கும் வேலையை மட்டும் சுவருக்கு விடுவதே தக்கது.