ஒரு மொழி, பல வரலாறு

கண்டி மாநகரின் கடைவீதியிலே சற்று நின்று செவிசாய்த்தால், சிங்களத்தோடு தமிழும் கேட்கும். அத்தமிழைப் பேசுவோர் யாவரும் ஒரே கூட்டத்தினர் என்று புதியவர் எண்ணுதல் இயல்பே. மொழி ஒன்றுதான், அவர்கள் வந்த வழியோ ஒன்றன்று.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் 1820களிற் கோப்பிப் பயிர் தொடங்கிற்று. அதன்பொருட்டுத் திருச்சி, மதுரை, சேலம் முதலிய இடங்களிலிருந்து கடல் கடந்த ஏழைகள், மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்தனர். 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை பயிரான பின்னர், அவர்களுடைய வாழ்வு லயங்களிலே நிலைத்தது. காமன் கூத்தை அவர்கள் அங்கே பேணிவந்தனர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் உத்தியோகத்தையும் கல்வியையும் பற்றி வந்தவர்கள். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபின் அங்கே தமிழாய்வு வளர்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் நாட்டுக்கூத்தைப் புதுப்பொலிவுடன் அங்கு மேடையேற்றினார்.

கண்டி முஸ்லிம்களோ மன்னராட்சிக் காலந்தொட்டே இங்கு வாழ்பவர்கள். இந்நகரத்தவரான சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். தமிழே அவர்தம் வீட்டுமொழி. ஆயினும் அவர்கள் தம்மைத் தனி இனமாகவே கருதுகின்றனர்.

அமெரிக்காவிலும் இத்தகைய நிலை உண்டு. 1980ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, மெக்சிக்கோ, கியூபா, போர்ட்டோரிக்கோ ஆகிய இடங்களின் வழியினரை ‘ஹிஸ்பானியர்’ என்ற ஒரே பெயரால் எண்ணிற்று. ஆனால், போர்ட்டோரிக்கோவினர் 1917 முதலே அமெரிக்கப் பிரசைகள்; மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளி குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்.

பெயர் ஒன்றாயினும் உரிமை வேறாகும் என்பதைக் கண்டி மலைகளும் அறியும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புச் சான்று கேட்டது. யாழ்ப்பாணத் தமிழரின் உரிமை நிலைத்தது. லயத்திற் பிறந்து லயத்திலே வளர்ந்தோர் பலரிடம் அச்சான்று இல்லை, அவர்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன, உறவுகள் பிரிந்தன. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிதிறந்தது.

ஆகவே, ‘தமிழ் பேசுவோர்’ என்று கூறுவதோடு நாம் அமைந்துவிடலாகாது. ஒருவருக்கு வேண்டுவது காணியா, கல்வியா, பிறப்புப் பத்திரமா என்பதை அவர் பேசும் மொழி சொல்லாது; அவர் வந்த வழியே சொல்லும். அதைக் கேட்டறிந்து அண்டை வீட்டாரோடு பழகுவதே உண்மையான ஒற்றுமைக்குத் தொடக்கமாகும்.