வண்டி ஷெட்டுக்கு எந்த அலாரம்?

பல வீடுகளில் வண்டி ஷெட் வீட்டை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஸ்கூட்டர் நிற்கும். பெட்ரோல், பெயின்ட், பழைய துணி எல்லாம் கிடக்கும். இப்போது மின்சார ஸ்கூட்டருக்கும் அங்கேதான் சார்ஜ் போடுகிறார்கள். இரவில் ஷெட்டில் ஆள் இருப்பதில்லை. தீப்பிடித்தால் உடனே தெரியாது.

2022 செப்டம்பர் 12, இரவு நேரம். செகந்திராபாத்தில் ஒரு கட்டடம். கீழே மின்சார ஸ்கூட்டர் கடை. மேலே தங்கும் விடுதி. கீழே தீப்பிடித்தது. புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. 8 பேர் இறந்தார்கள். பலர் இறந்தது புகையில் மூச்சுத் திணறித்தான்.

தீ சிறியதாக இருக்கும்போதே தெரிந்தால் தப்பிக்கலாம். அதற்குத்தான் அலாரம்.

புகை அலாரம்

புகை பட்டால் இது ஒலிக்கும். ஆனால் ஷெட்டில் வண்டிப் புகையும் தூசியும் உண்டு. அவற்றுக்கும் ஒலிக்கும். தொல்லை தாங்காமல் பேட்டரியைக் கழற்றி வைத்து விடுவார்கள். பிறகு உண்மையான தீ வரும்போது அலாரம் ஊமையாக இருக்கும்.

வெப்ப அலாரம்

சூடு ஓர் அளவைத் தாண்டினால் இது ஒலிக்கும். அந்த அளவு பலவற்றில் சுமார் 57 டிகிரி செல்சியஸ். வண்டிப் புகைக்கு இது ஒலிக்காது. ஆகவே ஷெட்டுக்கு இதுவே ஏற்றது. தகரக் கூரை கோடையில் மிகவும் சுடும். அப்படியானால் இன்னும் கூடுதல் சூட்டில் ஒலிப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. புகை அலாரத்தைவிடத் தாமதமாகவே ஒலிக்கும். ஆகவே வீட்டுக்குள், படுக்கும் அறைக்குப் பக்கத்தில், ஒரு புகை அலாரமும் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியுமா? அந்தப் புகை அலாரத்தையே முதலில் வாங்குங்கள்.

எங்கே மாட்டுவது?

சூடும் புகையும் மேலே போகும். அதனால் இந்த இரண்டையும் கூரையில் மாட்ட வேண்டும். கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் வேறு. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அது தரையில் தங்கும். எனவே கேஸ் அலாரத்தைத் தரைக்கு அருகில் மாட்ட வேண்டும்.

ஷெட்டில் ஒலிப்பது படுக்கையில் கேட்கிறதா? கதவை மூடிச் சோதித்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். பேட்டரி தீர்ந்தால் உடனே மாற்றுங்கள்.

அலாரம் ஒலித்தால்

எல்லோரையும் எழுப்புங்கள். வெளியே வாருங்கள். பிறகு 101 அல்லது 112-க்குப் பேசுங்கள். எரியும் பேட்டரிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். அதன் புகை நஞ்சு.

அலாரம் தீயை அணைக்காது. நம்மை எழுப்பும், அவ்வளவுதான். தப்பிக்க வழி வேண்டும். வாசலிலும் மாடிப்படியிலும் வண்டிக்குச் சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகும் வேண்டாம்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் வண்டி எங்கே நிற்கிறது?
2. அங்கே தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே போவீர்கள்?