வெள்ளி முத்திரை சொல்லும் வயது



சிராங்கூன் சாலையில் தங்கம் வாங்கும் நம் பெண்கள் '916' முத்திரையைப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. அதே வீட்டில், பாட்டி காலத்துக் குங்குமச் சிமிழும் பாலாடையும் பன்னீர்ச் செம்பும் அலமாரியின் மேல்தட்டில் கறுத்துக் கிடக்கும். அவற்றைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2025ஆம் ஆண்டில் வெள்ளி விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. விலை ஏறும்போதெல்லாம், "சும்மா கிடப்பதை எடைக்குப் போட்டுவிடலாமே" என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் எடைக்குப் போகும் வெள்ளி உலைக்குப் போகும். அதில் என்ன முத்திரை இருந்தது, யார் பெயர் வெட்டியிருந்தது என்பதெல்லாம் அதோடு கரைந்துவிடும். ஆகவே, உருக்குவதற்கு முன் படிப்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

ஆங்கிலேயர் குத்திய குறிகள்

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஊர் என்பதால், சிங்கப்பூரின் பழம்பொருள் கடைகளில் இங்கிலாந்து வெள்ளியும் கண்ணில் படும். கரண்டி, மூக்குப்பொடி டப்பி, தீப்பெட்டி உறை என்று எல்லாம் சின்னச் சின்னப் பொருள்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், அவற்றின் குறிகளைப் படித்துவிடலாம்.

முதலில் நடக்கும் சிங்கத்தைத் தேடுங்கள். 1544 முதல் வழங்கும் இந்தச் சிங்கம் இங்கிலாந்தின் தர முத்திரை. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். அடுத்தது ஊர்க் குறி. சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம். கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டு. அந்த ஊர் 1975இல் ரோஜாவுக்கு மாறியது. மூன்றாவது செய்தவரின் பெயரெழுத்து.

நான்காவதுதான் ஆண்டைச் சொல்வது. லண்டனில் 1478 முதல் ஆண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து குத்தினார்கள். இருபது எழுத்துகள் முடிந்ததும் மறுபடி 'ஏ'யில் தொடங்குவார்கள். நம் அறுபதாண்டுச் சுழற்சியைப் போன்றதுதான் இது. 'பிரபவ' என்று மட்டும் சொன்னால் 1867ஆ, 1927ஆ, 1987ஆ என்று தெரியாது அல்லவா? அதுபோல, லண்டனில் 1896க்கும் சிறிய 'ஏ', 1916க்கும் சிறிய 'ஏ'. எழுத்தின் வடிவத்தையும், அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தச் சுற்று என்பது விளங்கும். ஊருக்கு ஊர் எழுத்து வரிசை வேறு என்பதால், ஊர்க் குறியைக் கண்டுபிடிக்காமல் ஆண்டைச் சொல்ல முடியாது.

அரசர் அல்லது அரசியின் தலையும் இருந்தால் வேலை இன்னும் எளிது. அது வரி கட்டியதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரைதான் குத்தினார்கள். தலை இல்லை என்பதற்காக 1890க்குப் பிந்தியது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சில சிறு பொருள்களுக்கு வரிவிலக்கு இருந்தது.

நம் பாத்திரத்தில் முத்திரை இல்லையே!

பலரும் ஏமாறும் இடம் இதுதான். முத்திரை இல்லை என்றதும், "இது கலப்படம், பாதி விலைதான்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறோம். இந்தியாவில் வெள்ளிக்கு அரசு தர முத்திரை வந்ததே 2005இல்தான். அதற்கு முன் நம் ஊர்ப் பத்தர் செய்த சிமிழில் அந்த முத்திரை எப்படி இருக்கும்? முத்திரை இல்லாதது குற்றமல்ல. தரம் தெரிய வேண்டுமானால் உரைத்தோ கருவியில் வைத்தோ சோதிக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரைக் குத்தின. சென்னை மவுண்ட் ரோட்டின் பி.ஆர் அண்ட் சன்ஸ், சாமி உருவங்களைப் புடைப்பு வேலையாகச் செய்த 'சுவாமி' வெள்ளிக்குப் பெயர் பெற்றது. கல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனம் தன் பெயரெழுத்தோடு யானையையும் குத்தியது. கட்ச் பகுதியின் ஊமர்சி மாவ்ஜி 'ஓ.எம்.' என்று குத்தினார். சீன வேலைப்பாடு என்றால் 'டபிள்யூ.எச். 90' என்ற குறியைக் காணலாம். அது வாங் ஹிங் நிறுவனத்தின் குறி. 90 என்பது நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி.

முத்திரையே இல்லாத பொருளுக்கு வேறு சாட்சிகள் உண்டு. வெட்டிய பெயர், சீர் கொடுத்த நாள், தமிழ் வருஷம், தமிழ் எண்கள் இவையெல்லாம் காலத்தைச் சொல்பவை. நாணயம் வைத்துச் செய்த பொருளானால், அந்த நாணயத்தைவிடப் பொருள் பழையதாக இருக்க முடியாது. இதிலும் கவனம் தேவை. 1862 என்று பொறித்த ரூபாயை 1874 வரை அதே ஆண்டைப் பொறித்தே அடித்தார்கள். விக்டோரியாவை 'ராணி' என்று குறித்திருந்தால் முந்தியது. 'பேரரசி' என்றிருந்தால் 1877 அல்லது அதற்குப் பிந்தியது.

ஏமாற்றும் குறிகள்

'இ.பி.என்.எஸ்.' என்று தனித்தனிக் கட்டங்களில் நான்கு எழுத்துகள் இருந்தால் அது வெள்ளியே அல்ல, வெள்ளி முலாம். தூரத்திலிருந்து பார்த்தால் இங்கிலாந்து முத்திரை போலவே தோன்றும். விக்டோரியா காலத்து இங்கிலாந்துப் பொருள் என்று சொல்லி, அதில் '925' என்ற எண் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அக்காலத்தில் அந்த வேலையைச் செய்தது சிங்கம், எண் அல்ல.

என்ன செய்யலாம்?

முதலில், தேய்க்காதீர்கள். திருநீறு, பற்பசை எதுவானாலும், ஆண்டாண்டாகத் தேய்த்தால் முத்திரையும் மழுங்கும், வெட்டிய பெயரும் மழுங்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சாய்வான வெளிச்சத்தில் குறிகளைப் படம் எடுங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எதற்காகக் கொடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். அந்தச் செய்தியை எந்த முத்திரையும் சொல்லாது. ஆர்மீனியன் தெருவில் உள்ள பெரனாக்கன் அரும்பொருளகத்துக்குப் போய் நல்ல வேலைப்பாட்டைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் விற்கலாம், தவறில்லை. பணமுடை யாருக்கும் வரும். ஆனால் வாங்குபவரல்லாத ஒருவரிடம் காட்டி, விவரம் தெரிந்துகொண்டு விற்பது நல்லது. எடைக்கு உள்ள விலையை அன்றைய நாளிதழ் சொல்லிவிடும். வேலைப்பாட்டுக்கும் வயதுக்கும் உள்ள விலையை நாமே தெரிந்து வைத்திருந்தால்தான் கேட்டு வாங்க முடியும்.