கம்ப்யூட்டர் ஏலத்தில் கிட்டங்கி வாங்குவோர் கவனத்திற்கு

கடன் பாக்கிக்காக வங்கிகள் விற்கும் கடை, வீடு, கிட்டங்கி எல்லாம் இப்போது கம்ப்யூட்டர் வழியாகவே ஏலத்துக்கு வருகின்றன. “வெளி விலையை விடக் குறைவாகக் கிடைக்கிறதாமே, கேட்கலாமா?” என்று அங்கத்தினர்கள் பலர் நம்மிடம் விசாரிக்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பார்க்க வேண்டியதைப் பாராமல் கேட்டால், பல வருடம் கல்லாவில் சேர்த்த முதல் ஒரே நாளில் முடங்கிப் போகும்.

இந்த ஏலங்களுக்கு அடிப்படை 2002-ஆம் ஆண்டின் ‘சர்பாசி’ சட்டம். கடன்காரருக்கு 60 நாள் நோட்டீசு கொடுத்து, அதன்பின் சொத்தைச் சுவாதீனம் எடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி விற்கலாம். பொதுத்துறை வங்கிகள் விற்கும் சொத்துகளை 2025 ஜனவரியில் தொடங்கிய ‘பேங்க்நெட்’ தளத்தில் பார்க்கலாம். பதிவு செய்துகொண்டு, டேவணித் தொகை கட்டினால்தான் ஏலம் கேட்க முடியும். கடைசி நிமிடங்களில் யாராவது கேள்வி போட்டால் நேரம் தானாகவே நீளும். அந்தச் சூட்டில்தான் பலர் நிதானம் தவறுகிறார்கள்.

பணக் கணக்கை முதலில் பார்ப்போம். குறைந்தபட்ச விலை 40 லட்சம், டேவணி பத்துச் சதவீதம், அதாவது 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நம் பேரில் 44 லட்சத்துக்கு ஏலம் முடிகிறது. அன்றைக்கோ, அடுத்த வேலை நாளுக்குள்ளோ டேவணியையும் சேர்த்துக் கால் பங்கு, அதாவது 11 லட்சம் கட்டியாக வேண்டும். கையிலிருந்து இன்னும் 7 லட்சம். விற்பனை உறுதியான 15 நாளில் மீதி 33 லட்சம். வங்கி எழுத்து மூலம் சம்மதித்தால் தவணை நீளும். அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. தீபாவளிச் சரக்குக்கு வைத்த பணத்தை நம்பி ஏலம் கேட்பவர் இதை யோசிக்க வேண்டும்.

தவணை தவறினால் கட்டியது போய்விடும். கோயம்புத்தூர்ச் சொத்து ஒன்றை 12 கோடியே 27 லட்சத்துக்கு எடுத்த ஒருவர், கால் பங்காக 3 கோடியே 6 லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு, மீதியைக் காலத்தில் கட்டவில்லை. வங்கி அந்தத் தொகை முழுவதையும் பறிமுதல் செய்தது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘உள்ளது உள்ளபடி’ என்று ஏல விளம்பரத்தில் போடுவது வெறும் சடங்கு அல்ல. பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைத் தீர்த்தால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் நிபந்தனை விதிக்கலாம் என 2023-இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. மூடிக்கிடக்கும் ஆலை, குளிர்பதனக் கிட்டங்கி என்றால் அந்த பாக்கி எவ்வளவு என்று முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். மாநகராட்சி வரி பாக்கியையும் அப்படியே.

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் டேவணி கட்ட வேண்டாம். தாமிரபரணிக் கரையில் ஊருக்கு ஊர் கோயில் மனை உண்டு. கட்டடம் ஒருவருடையது, அடிமனை சுவாமியுடையது என்ற கதை நமக்குப் புதிதல்ல. இன்னொன்று, விவசாய நிலத்தை இச்சட்டப்படி விற்க முடியாது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கம் கால்வாய்ப் பாசன வயலை ஒட்டி எழுந்த ஆலைக்குப் பட்டாவில் இன்னும் நன்செய் என்றே இருக்கக்கூடும். பதிவேட்டில் எழுதியிருப்பது மட்டும் போதாது, உண்மையில் விவசாயம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2018-இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனாலும் வழக்கு என்று வந்தால் நடுவில் நிற்பது நம் பணம்தானே!

சொத்தை நேரில் பாராமல் படத்தை நம்பிக் கேட்பவர்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஜங்ஷனிலும் வண்ணாரப்பேட்டையிலும் ஆற்று வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. கிட்டங்கி பார்க்கப் போனால் சுவரில் தண்ணீர் நின்ற கோடு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வெள்ளை அடித்து மறைத்திருந்தால் பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். அரிசி, பருப்பு மூட்டை அடுக்குகிறவருக்கு இது பத்திரத்துக்குச் சமமான விஷயம்.

சுவாதீனம் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, சாவியே வங்கியிடம் இருக்கிறதா என்பதையும் விளம்பரத்தில் பார்க்கவும். முன்னதாக இருந்தால் கலெக்டர் அல்லது மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்றுத்தான் ஆட்களை வெளியேற்ற முடியும். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

கடனில் சிக்கியிருக்கும் அங்கத்தினருக்கும் ஒரு சொல். ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழு பாக்கியையும் செலவோடு கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். அறிவிப்பு வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது என்பது 2023 செப்டம்பர்த் தீர்ப்பு.

நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். கட்டட முதலாளி வாங்கிய கடனுக்காக நாம் இருக்கும் கடையே ஏலத்துக்கு வரலாம். அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த குத்தகைப் பத்திரம் இருந்தால் வாதம் பலமாக இருக்கும். வங்கி நோட்டீசு வந்தபின் வங்கியைக் கேளாமல் எழுதிய ஒப்பந்தம் நிற்காது. 2016-இல் வந்த திருத்தத்தின்படி வாடகைதாரரும் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வங்கி சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கையிலிருந்து 45 நாள்தான் அவகாசம். போகும்போது வாடகை ரசீது, ஜி.எஸ்.டி. பதிவு, மின்கட்டண ரசீது ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லவும்.