போர்க்களமும் ஆடுகளமும்



தேர், யானை, குதிரை, காலாள் எனப் படையை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். சதுரங்கம் என்னும் பெயரே நான்கு உறுப்புக்களை உடையது என்று பொருள்படுவது. அந்நால்வகைப் படையையும் கட்டங்களில் நிறுத்திக் குருதி சிந்தாமல் போர் புரியும் கலையை இந்நாடு உலகுக்கு வழங்கிற்று. இன்று அக்கலை பலகையைக் கடந்து கணிப்பொறித் திரைக்கு வந்திருக்கிறது. தேர் ஓடிய இடத்தில் டாங்கி ஓடுகிறது. குதிரை பாய்ந்த இடத்தில் ஜீப் பாய்கிறது. முன்னோர் காணாத விமானமும் நீர்மூழ்கிக் கப்பலும் உடன் சேர்ந்துகொண்டன. ஒருவரை ஒருவர் நேரில் கண்டறியாத இளைஞர் பலர், இணையத்தின் வழியே ஒரே களத்தில் கூடி, இரு கட்சிகளாகப் பிரிந்து ஆடுகின்றனர். இத்தகைய விளையாட்டுக்களில் ஊர்தி, படைக்கலம், களம் ஆகிய மூன்றும் எவ்வாறு அமைக்கப்படுகின்றன என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகிறேன்.

கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தார். "இரும்புக் கவசம் பூண்ட டாங்கிக்குள் ஒருவன் அமர்ந்திருக்கிறான்; மற்றொருவன் கையில் துப்பாக்கியோடு வெட்டவெளியில் நிற்கிறான். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு இதனை விளையாட்டு என்பது எவ்வாறு பொருந்தும்?" என்றார். நல்ல வினா. இவ்வகை விளையாட்டை ஆக்குவோர் அனைவரும் விடை தேடும் வினாவும் இதுவே.

விடையின் ஒரு பகுதியை நம் ஊர்த் திண்ணைகளிலேயே காணலாம். ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு புலியை வெட்டாது. ஆயினும் ஆடுகள் ஒன்றுக்கொன்று துணையாக நின்று, புலி நகர வழியின்றி அடைத்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கே. ஈண்டு இருதரத்தார்க்கும் தரப்பட்டது ஒரே அளவான வலிமை அன்று; வெல்லுதற்குரிய வாய்ப்பு. ஆட்டத்தில் நடுவுநிலை என்பதன் பொருள் இதுவே. இதனை மனத்தில் கொண்டால், மேலே சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு விளையாட்டைக் கொள்வோம். ஸ்வீடன் நாட்டு டிஜிட்டல் இல்யூஷன்ஸ் நிறுவனத்தார் ஆக்கி, 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த "பேட்டில்ஃபீல்டு 1942" என்பது அது. இரண்டாம் உலகப் போரைப் பின்னணியாகக் கொண்டது. அறுபத்து நால்வர் வரை ஒரே களத்தில் ஆடுதற்கு இடம் தந்தது. களத்தில் சில இடங்களில் கொடிகள் நடப்பட்டிருக்கும். கொடியின் அருகே சென்று நின்று அதனைத் தன் கட்சிக்கு உரியதாக்கிக்கொள்வதே ஆட்டத்தின் நோக்கம். ஒவ்வொரு கட்சிக்கும் தொடக்கத்தில் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் உண்டு. வீழ்ந்தவன் மீண்டும் களத்திற்கு வருந்தோறும் அவற்றுள் ஒன்று குறையும். எதிரி கொடிகளில் பெரும்பான்மையைக் கைப்பற்றிவிட்டால், ஒருவரும் வீழாவிடினும் புள்ளிகள் தாமே கசியத் தொடங்கும். புள்ளி முதலில் தீர்ந்த கட்சி தோற்றதாகும். ஆகவே மூலையில் பதுங்கி எதிரிகளை எண்ணி எண்ணி வீழ்த்துபவனைவிட, அஞ்சாது சென்று இடம் பிடிப்பவனே தன் கட்சிக்குப் பெரிதும் பயன்படுகிறான்.

இனி ஊர்திகளைக் காண்போம். இவ்விளையாட்டில் டாங்கியை எதிர்க்கக் காலாட்படையின் ஐந்து வகையாருள் ஒருவனுக்கு டாங்கியைத் துளைக்கும் ராக்கெட் குழல் தரப்பட்டது. டாங்கியின் முன்புறக் கவசம் வலியது, பின்புறம் மெலியது. எனவே குழலேந்தியவன் நேர்நின்று எதிர்த்தால் அழிவான். சுவரின் மறைவில் காத்திருந்து பின்னே வந்து தாக்கினால் வெல்வான். பொறியாளன் என்ற வகையினனோ பாதையில் கண்ணிவெடி புதைப்பான். பழுதுற்ற ஊர்தியைச் செப்பனிடவும் வல்லவன். டாங்கியை வானிலிருந்து விமானம் தாக்கும். விமானத்தைத் தரையிலிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கி வீழ்த்தும். அப்பீரங்கியை இயக்குபவனோ திறந்த இருக்கையில் அமர்ந்திருப்பவன். குறிபார்த்துச் சுடும் காலாள் ஒருவனுக்கு அவன் எளிய இலக்கு. கடலிலும் இதே முறைதான்: நீர்மூழ்கிக் கப்பல் பெரிய கப்பலைத் தாக்கும், நாசகாரிக் கப்பல் நீருக்குள் வெடிகுண்டுகளை இறக்கி நீர்மூழ்கியை அழிக்கும். இவ்வாறு வலியன ஒவ்வொன்றையும் வெல்ல வல்லது ஒன்று உண்டு. அதனை வெல்லவும் மற்றொன்று உண்டு. இந்த வட்டம் எங்கேனும் ஓரிடத்தில் அறுந்துவிட்டால், எல்லோரும் அவ்வொன்றையே நாடுவர். ஆட்டம் சுவையற்றுப் போகும்.

இவ்வட்டத்தினும் நுட்பமான அமைப்பு ஒன்றும் உண்டு. தொலைவிலிருந்து வளைந்து சென்று விழும் குண்டுகளை எறியும் பீரங்கி வண்டியில் அமர்ந்திருப்பவனுக்கு இலக்கு கண்ணில் படாது. முன்னணியில் உள்ள வேவுகாரன் தன் தொலைநோக்கியால் இடத்தைக் குறித்துக் காட்டினால், அவ்விடம் பீரங்கிக்காரனுக்குத் தெரியும். ஒருவனுக்குக் கண் உண்டு, கை இல்லை. மற்றவனுக்குக் கை உண்டு, கண் இல்லை. இருவரும் சேர்ந்தால்தான் காரியம் முடியும். முகம் அறியாத இருவரை நட்பாக்கும் இவ்வமைப்பை நான் மிகவும் மெச்சுகிறேன். ஒத்துழைப்பை அறிவுரையால் புகட்டாமல், கருவியின் அமைப்பாலேயே புகட்டிவிடுகின்றனர்.

அடுத்து, கையில் ஏந்தும் படைக்கலம். ஒரு துப்பாக்கி நல்லதா அன்றா என்பதைச் சிறு கணக்கால் ஆராயலாம். ஆடுபவனின் உயிர் 100 புள்ளி எனக் கொள்வோம். முதல் துப்பாக்கி ஒரு குண்டுக்கு 25 புள்ளியைக் குறைப்பது. விநாடிக்கு 10 குண்டுகளைச் சுடுவது. இரண்டாம் துப்பாக்கி ஒரு குண்டுக்கு 50 புள்ளியைக் குறைப்பது; விநாடிக்கு 2 குண்டுகளையே சுடுவது. முதலாவதற்கு நான்கு குண்டுகள் வேண்டும். அவற்றிடையே மூன்று இடைவெளிகள், ஆகவே 0.3 விநாடியில் எதிரி வீழ்வான். இரண்டாவதற்கு இரண்டு குண்டுகள் போதும், ஓர் இடைவெளி, ஆகவே 0.5 விநாடி ஆகும். முதலாவதே சிறந்தது என்று தோன்றும். ஆனால் வேகமாகச் சுடும் துப்பாக்கி கையில் அதிரும்; தொலைவில் குண்டுகள் சிதறும். தொலைவில் மூன்றில் ஒன்றே தைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு குண்டுகள் தைப்பதற்குப் பன்னிரண்டு சுடவேண்டும்; 1.1 விநாடி ஆகிவிடும். குறி தவறாத இரண்டாம் துப்பாக்கிக்கு அப்போதும் 0.5 விநாடிதான். அருகில் ஒன்று வெல்கிறது. தொலைவில் மற்றொன்று வெல்கிறது. ஆகவே, துப்பாக்கியின் வலிமை துப்பாக்கியில் மட்டும் அடங்கியதன்று. அது எந்தக் களத்தில் ஏந்தப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

களத்தை அமைப்பவரே ஆட்டத்தின் உண்மையான சட்டத்தை இயற்றுபவர் என்று நான் கருதுவது இதனால்தான். நீண்ட தெருவை அமைத்தால் தொலைவில் சுடும் துப்பாக்கிக்கு வாழ்வு தருகிறார். வளைந்த சுரங்கவழியை அமைத்தால் அருகில் சுடுவதற்கு வாழ்வு தருகிறார். "கௌன்டர்-ஸ்டிரைக்" என்ற விளையாட்டுக்கென டேவ் ஜான்ஸ்டன் என்பார் 2001-இல் அமைத்த "டஸ்ட் 2" என்னும் களம் இதற்குச் சிறந்த சான்று. வெடிகுண்டு வைப்பதற்குரிய இடங்கள் அதில் இரண்டு. ஒன்றை நோக்கி நெடிய திறந்த பாதை செல்கிறது. மற்றொன்றை நோக்கி இருண்ட சுரங்கவழி செல்கிறது. இரண்டுக்கும் நடுவே இடைவழி ஒன்று. தாக்குவோர் எவ்வழி வருவர் என்று காப்போர் அறியார். காப்போர் எங்கே மிகுந்து நிற்கின்றனர் என்று தாக்குவோர் அறியார். அக்களத்தில் ஓட்டுதற்கு ஊர்தி இல்லை. ஆதலால் அது சிறிதாக இருக்க முடிந்தது.

ஊர்தி புகுந்தால் களம் விரிந்தே ஆகவேண்டும். விநாடிக்கு 20 மீட்டர் செல்லும் ஜீப்புக்கு 500 மீட்டர் என்பது 25 விநாடிப் பயணம். விநாடிக்கு 5 மீட்டர் ஓடும் காலாளுக்கோ அது 100 விநாடி. களம் மிகப் பெரிதானால் காலாள் ஓடிக் களைப்பான். சிறிதானால் டாங்கி திரும்பவும் இடமிராது. ஆகவே கொடிகளுக்கு இடையே ஊர்தி செல்லும் அகன்ற வெளியும், கொடிகளைச் சுற்றிக் காலாள் மறையத்தக்க வீடு, சுவர், பதுங்குகுழி ஆகியனவும் அமைக்கின்றனர். வெளியில் புலிக்கு ஆட்சி. ஊருக்குள் ஆடுகளுக்கு ஆட்சி. மாணவர் தொடுத்த வினாவுக்கு முழு விடை இங்கே கிடைத்துவிடுகிறது.

இவையனைத்தும் ஒருங்கே விளங்கும் களம், பேட்டில்ஃபீல்டு 1942-இல் இடம்பெற்ற வேக் தீவு. பசிபிக் மாகடலில் ஹோனலூலுவுக்கு மேற்கே ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் தொலைவில், குதிரை லாடம் போல் வளைந்து கிடக்கும் பவளத்தீவு அது. விளையாட்டில் ஜப்பானியக் கட்சி கடலில், விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்கக் கட்சி தீவில் நிற்கிறது. தீவு மெலிந்து வளைந்திருப்பதால் தாக்குவோர் கரையின் எப்பகுதியிலும் இறங்கலாம். காப்போரோ நிலத்தின் வழியே வளைந்து வளைந்து ஓடவேண்டும். விமானத்தளத்தின் கொடி கைமாறினால் அங்குள்ள விமானங்களின் பயனும் கைமாறும். இக்களம் ஆடுவோர் உள்ளத்தைக் கவர்ந்தமையால், அத்தொடரில் பின்னர் வந்த விளையாட்டுக்கள் பலவற்றிலும் மீண்டும் மீண்டும் அமைக்கப்பட்டது.

இனி, உண்மையான வேக் தீவின் வரலாற்றையும் சிறிது நோக்குவோம். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் அத்தீவின்மீது முதற்குண்டுகள் வீழ்ந்தன. அங்கிருந்த பன்னிரண்டு சண்டை விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை அன்றே தரையில் அழிந்தன. காத்து நின்ற அமெரிக்கக் கடற்படைக் காலாள் வீரர் ஏறத்தாழ 450 பேர். கட்டுமானப் பணிக்கு வந்திருந்த தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். டிசம்பர் 11-இல் இறங்க முயன்ற ஜப்பானியப் படையை இவர்கள் விரட்டினர். இரு நாசகாரிக் கப்பல்கள் மூழ்கின. ஆயினும் பெரும்படை மீண்டும் வந்தது. டிசம்பர் 23-இல் தீவு வீழ்ந்தது. அங்கே பணிக்கென நிறுத்திவைக்கப்பட்டிருந்த 98 அமெரிக்கத் தொழிலாளர் 1943 அக்டோபரில் கொல்லப்பட்டனர். அதற்கு ஆணையிட்ட தளபதி போர்க்குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 1947-இல் தூக்கிலிடப்பட்டார்.

விளையாட்டில் உள்ள வேக் தீவில் டாங்கிகள் உண்டு. 1941-இல் அத்தீவைக் காத்தவர்க்கு டாங்கி ஒன்றும் இல்லை. விளையாட்டில் அமெரிக்கர்க்குத் தரப்பட்ட கோர்சேர் விமானம், உண்மைத் தீவு வீழ்ந்தபோது படையில் சேர்ந்திருக்கவே இல்லை. இவற்றை அறியாமையால் நேர்ந்த பிழைகள் என்று எண்ணிவிட வேண்டா. உள்ளவாறே அமைத்தால் ஒரு கட்சி தோற்பதற்கென்றே பிறந்ததாகிவிடும். அக்கட்சியில் நின்று ஆட எவர் முன்வருவர்? ஆதலால் வரலாற்றின் தராசில் இல்லாத எடைகளை ஆட்டத்தின் தராசில் இட்டு நிரப்புகின்றனர்.

இதற்கு மாறான நெறியும் ஒன்று உண்டு. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பார் 1824-இல் ஒரு போர்ப் பயிற்சி விளையாட்டை அந்நாட்டுப் படைத்தலைமைக்குக் காட்டினார். 8,000-க்கு 1 என்ற அளவில் வரைந்த நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்தி, நடுவர் ஒருவர் முன்னிலையில் அதனை ஆடினர். அதிகாரிகளைப் போருக்குப் பழக்குவதே அதன் நோக்கம். ஆதலால் போரில் உள்ள ஏற்றத்தாழ்வை மறைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. பயிற்சி விளையாட்டு உண்மையை நாடுகிறது. பொழுதுபோக்கு விளையாட்டு நடுவுநிலையை நாடுகிறது. ஒன்றை மற்றொன்றாக மயங்குவதே தீங்கு.

நண்பர்களே, இவ்விளையாட்டுக்களை ஆடாதீர் என்று கூறுவதற்காக நான் இங்கு வரவில்லை. ஆடுங்கால், ஆக்கியோனின் கை எங்கெங்கே புலப்படுகிறது என்று நோக்குங்கள். இச்சுவர் ஏன் இங்கே நிற்கிறது? இத்துப்பாக்கி ஏன் இத்துணைத் தாமதமாகக் குண்டு நிரப்புகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்பவன், கணிதமும் நிலநூலும் மனித இயல்பும் ஓரிடத்தில் கூடுவதைக் காண்பான். நாளை அவனே ஒரு களத்தை அமைக்கவும் கூடும்.

அதனோடு மற்றொன்றையும் மறவாதிருங்கள். திரையில் வீழ்ந்தவன் சில விநாடிகளில் எழுந்து வருகிறான். அவனுக்கென வாய்ப்பை ஒருவர் முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறார். உண்மைப் போரில் அவ்வாறு அளந்து வைப்பார் எவரும் இல்லை. வேக் தீவின் அத்தொண்ணூற்றெண்மரும் மீண்டு வரவில்லை.